கப்பற்றுறை அமைக்குமாறு

கப்பல் வந்து நிற்பதற்கு வேண்டுவது யாது என்று வினாவின், நீர் என விடையிறுத்தல் எவர்க்கும் எளிது. அவ்விடை பாதியே உண்மையாகும். சென்னைக் கடற்கரைக்கு நீர் எந்நாளும் குறைந்ததில்லை. ஆயினும், ஆங்கில வணிகர் 1639-ஆம் ஆண்டில் இவ்விடத்தைப் பெற்ற நாள்தொட்டு இருநூறு ஆண்டுகட்கு மேலும் இங்கு ஒரு கப்பலேனும் கரையணைந்து நிற்க இயலவில்லை. கப்பலுக்கு வேண்டுவது ஆழமான நீர். அதனோடு அலைவில்லாத நீர். இவ்விரண்டையும் ஓரிடத்தே ஒருங்கு பெறுதல் அரிது. என்னை? நீர் விரைந்து இயங்குமிடத்து மணல் தங்குவதில்லை. ஆனால் கப்பல் நிலைகொள்ளாது. நீரை அடக்கி நிறுத்தினாலோ, கப்பல் அமைதியாய் நிற்கும்; அதனோடு மணலும் சேறும் அமைதியாய்ப் படிந்து ஆழத்தைத் தின்றுவிடும். துறைமுகம் வகுப்போன் செய்யும் தொழிலனைத்தும் இவ்விரு பகைகட்கிடையே சந்து செய்தலேயாம்.

இயற்கை தானே சந்து செய்துவைத்த இடங்களும் உண்டு. ஆறு கடலொடு கலக்கும் வாயில் அவற்றுள் ஒன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருங்கலங்கள், மேற்பாயைக் களையாமலும், சுமையை இறக்கிப் பளுவைக் குறையாமலும், முழுப் பாரத்தோடு ஆற்றுவாயினுள் புகுந்த செய்தியைப் புறநானூற்றுள் ஒரு பாட்டால் அறிகின்றோம். அப்பாட்டை வகுப்பில் படித்தபொழுது அதனை நாட்டின் வளம் கூறும் புனைவுரையென்றே யாம் எண்ணிச் சென்றோம். பின்னர்த் துறைமுகங்களைப்பற்றிப் படிக்குங்கால்தான், புலவர் ஓர் அளவையன்றோ சொல்லியிருக்கிறார் என்பது விளங்கிற்று. கப்பல் நீருள் அமிழும் அளவினும் வாயிலின் ஆழம் மிக்கிருந்தாலன்றி அங்ஙனம் புகுதல் இயலாது. இன்றும் ஒரு துறையின் தகுதியை அளக்குங் கோல் அதுவே. ஆயின் ஆறு தந்ததை ஆறே எடுத்துக்கொள்ளவும் கூடும். பொருநையின் வாயிலிலிருந்த கொற்கை, ஆறு கொணர்ந்து குவித்த வண்டலால் கடலினின்றும் சில கல் உள்வாங்கிப்போய், இன்று வயல் சூழ்ந்த சிற்றூராய்க் கிடக்கின்றது.

ஆறும் வளைகுடாவும் இல்லாத வெறுங்கரையில் துறை வேண்டுமாயின் கடலினுள்ளே சுவரெழுப்புதலன்றி வேறு வழியில்லை. இஃது இக்காலத்துப் புதுமையன்று. பலத்தீனக் கரையிலே ஏரோது மன்னன் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் செசரியா என்னும் துறையைக் கடலுள் கட்டினான். நீருக்குள்ளும் இறுகும் காரைக்கென இத்தாலி நாட்டு எரிமலைச் சாம்பலைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பவுலடியார் உரோமாபுரிக்குக் கப்பலேறியது அவ்வூரிலிருந்துதான். அப்பயணத்தின் நடுவே, ஒரு துறை மாரிக்காலம் தங்கத் தகாதென்று அதனை விடுத்து, காற்றுக்கு ஏற்ற முகமுடைய மற்றொரு துறையை நாடிக் கப்பல் சென்ற வரலாறு அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளது. துறையின் வாய் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதே கப்பலின் ஊழை வகுப்பதாயிற்று.

இனிச் சென்னைக்கு வருவோம். அக்காலத்துக் கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையோரத்தே வரிசை வரிசையாய் மடிந்து விழும் அலைகளைக் கடந்து மக்களையும் பண்டங்களையும் கொண்டுவருவன மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளில் ஓர் ஆணியும் இராது, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். ஆணி தைத்த வன்படகு மணலில் மோதிய அளவில் பிளந்துபோம்; தைத்த படகோ மோதுங்கால் நெளிந்து கொடுத்துப் பிழைக்கும். அலையோடு எதிர்த்து நில்லாமல் இசைந்து கொடுத்தலால் தப்பும் இந்நுட்பத்தைப் பள்ளிக்கூடம் காணாத நம் கரையோர மக்கள் அறிந்திருந்தார்கள். அதனைப் பின்வந்த பொறியாளர் அறிவதற்கு நெடுநாளாயிற்று என்பதை மேலே காண்போம்.

1861-ஆம் ஆண்டில் கரையினின்றும் கடலினுள் ஏறத்தாழ 1,100 அடி நீளத்திற்கு இரும்புப் பாலம் ஒன்று நீட்டப்பட்டது. அலை மடியும் இடத்திற்கு அப்பால் சென்று படகிலிருந்து நேரே சரக்கை ஏற்றலாம் என்பது கருத்து. 1868-இலும் 1872-இலும் அடித்த புயல்கள் அதனைச் சிதைத்தன. பின்னர் வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி, கரையினின்றும் கிழக்கு நோக்கி, ஒன்றற்கொன்று ஏறக்குறைய 1,000 கெஜம் இடையிட்டு, இரண்டு அலைதாங்கிச் சுவர்களைக் கட்டத் தொடங்கினர். அவை கடலுள் சென்று ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவே கிழக்குமுகமாய் ஒரு வாயில் விட்டு நிற்கும். 1875-ஆம் ஆண்டின் இறுதியில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியுந் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு சூறைக்காற்று வந்தது. பல்லாண்டு உழைப்பால் அடுக்கிய கற்காரைக் கட்டிகள் சரிந்தன. கட்டிகளைத் தூக்கிவைத்த பெரும்பாரந்தூக்கிகளையும் கடல் விழுங்கிற்று.

அச்சுவர் ஏன் விழுந்தது என்பதில் அக்காலத்துப் பொறியாளர் தம்முள் வழக்கிட்டனர். அவ்வழக்கினுள் யாம் புகவில்லை; பொதுவியல்பை மட்டும் சொல்வோம். நிமிர்ந்து நிற்கும் சுவரில் மோதும் அலை அழிவதில்லை, பந்துபோல் திரும்புகிறது. திரும்பும் அலையும் புதிதாய் வரும் அலையும் கூடுமிடத்து நீர் இருமடங்கு உயர்கின்றது. சுவரின் அடியிலுள்ள கல்லும் மணலும் அரிக்கப்படுகின்றன. சரிந்த கற்குவியலில் ஏறும் அலையோ, கல்லிடுக்குகளில் புகுந்து சிதறி, தன் வலியை அங்கேயே இழக்கின்றது. ஆதலால் இக்காலத்து அலைதாங்கிகளிற் பல, உள்ளே சிறு கற்களும் மேலே பெருங்கற்களுமாகச் சாய்வாகக் குவித்தவை. மேற்போர்வைக்கு வேண்டும் அளவுக்குப் பெரிய கல் கிடையாதவிடத்து, நான்கு கால்களையுடைய டெட்ராபாடு என்னும் கற்காரைத் துண்டங்களைப் போடுகின்றனர். 1950-இல் பிரெஞ்சு நாட்டில் தோன்றிய இவை ஒன்றோடொன்று கால் கோத்துக்கொள்ளும். நடுவே வெற்றிடமும் இருக்கும். அலை வந்தால் சற்றே அசைந்து மேலும் இறுகும். தைத்த படகின் அறிவு கல்லினுக்கும் வந்துசேர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. இன்று ஒரு துறையைக் கட்டுமுன், அதனைச் சிறு உருவாய் ஒரு தொட்டியில் அமைத்து, பொறியால் அலையெழுப்பிப் பார்க்கின்றார்கள்; நம் நாட்டில் பூனாவையடுத்த கடக்வாசலாவிலுள்ள நீர், மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலில் பெயர்பெற்றது. 1881-இல் கடலே தொட்டியாகவும் துறைமுகமே மாதிரியாகவும் இருந்தன.

சுவர் மீண்டும் எழுந்தது. ஆனால் வாயில் கிழக்கு நோக்கியே இருந்தமையின், வங்கக் கடலின் நெட்டலை நேரே உட்புகுந்து, கப்பல்களை ஊசலாட்டிற்று. வாயில் குறுகியதாயினும் அலை அதன் வழியே நுழைந்து உள்ளே விசிறிபோல் விரியும் தன்மையது. அன்றியும், மூடிய நீர்ப்பரப்பு ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் ஊசற்காலம் உண்டு. புறத்தே வரும் அலையின் காலம் அதனோடு ஒத்துவிடுமாயின், ஊஞ்சலைப் பருவமறிந்து தள்ளுவதுபோல, சிறிய அலையும் பெரிய ஆட்டத்தை விளைவிக்கும். கண்ணுக்கு நீர் அமைதியாய்த் தோன்றும்; கப்பலோ முன்னும் பின்னும் நகர்ந்து கைத்தடிமனுள்ள வடத்தையும் அறுத்துவிடும். 1904 முதல் துறைமுகப் பொறுப்பாளர் குழுவின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர், கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்து, அதற்குக் காவலாக ஒரு நீண்ட சுவர்க்கையையும் அமைத்தார். தெற்கிலிருந்து வரும் மணலுக்கு வாயில் மறைவாயிற்று. அலைக்கும் நேர்வழி இல்லையாயிற்று. அதன் பின்னரே சென்னை உண்மையான துறைமுகமாயிற்று. அந்தத் தலைவரின் கீழ், 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பகுதியில் எழுத்தராக ஓரிளைஞர் வேலைபார்த்தார். அவர் பெயர் சீனிவாச இராமாநுஜன். கணக்கு வகுப்பு அன்பர்கள் துறைமுகத்தை இதனாலேனும் மறவாதிருப்பாராக.

அலைதாங்கியும் வாயிலும் அமைந்தபின் உள்ளமைப்பு. டாக் என்று வழங்கும் கப்பற்கூடத்தைப்பற்றி ஈண்டுச் சிறிது விரிப்போம். எல்லாத் துறையையும் அச்சொல்லால் குறிப்பார் பலர். கடலேற்றமும் வற்றமும் மிக்க இடங்களில், ஏற்றத்தில் துறைமேடைக்குச் சமமாய் நிற்கும் கப்பல் வற்றத்தில் கிணற்றுள் இறங்கியதுபோல் தாழ்ந்துவிடும். சிலவிடத்துத் தரைதட்டியும் விடும். ஆகவே ஒரு குளம் அகழ்ந்து அதற்குக் கதவிட்டு, ஏற்றத்தின்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, வற்றத்தின்போது மூடி நீரை உள்ளே நிறுத்திவைப்பர். காம்பே வளைகுடாவில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு பத்து மீட்டர்வரை செல்லும். பவநகரில் கதவுத்துறை அதனால் வேண்டியதாயிற்று. பம்பாயில் 1914-இல் திறந்த அலெக்சாந்திரா டாக்கும் (இப்பொழுது இந்திரா டாக்), கல்கத்தாவில் 1892-இல் திறந்த கிதர்ப்பூர் டாக்கும் கதவுடையனவே. சென்னையிலோ கடல் ஏறி இறங்கும் அளவு ஏறக்குறைய ஒரு மீட்டரேயாகலின் கதவுக்கு வேலையில்லை. பழைய உட்டுறையாகிய அம்பேத்கர் டாக், 1964-இல் திறந்த ஜவகர் டாக், எண்ணெய்க் கப்பல்கட்கென 1970-களில் வடபால் எழுந்த பாரதி டாக் ஆகிய மூன்றும் கடலொடு நேரே இணைந்தவை. பாரதியார் பெயரால் ஒரு துறை அமைந்திருப்பது தமிழ் படிக்கும் எமக்குத் தனி மகிழ்ச்சி.

அளவுகளை வகுப்பது கப்பலை நோக்கியே. கப்பல் அமிழும் ஆழத்திற்கு மேல் அடியிலே இன்னும் சிறிது நீர் மிஞ்சியிருத்தல் வேண்டும். அலையில் கப்பல் தாழ்ந்தெழுவதற்கும் சேறு படிவதற்கும் அஃது இடங்கொடுக்கும். கப்பல் திரும்புவதற்கு அதன் நீளத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விட்டமுள்ள வட்டம் வேண்டும். இக்காலத்துப் பெட்டகக் கப்பல்களிற் பெரியவை 400 மீட்டர் நீளமுடையன. அவை திரும்பும் வட்டத்துள் ஒரு சிற்றூரையே வைத்துவிடலாம். 1956-இல் அமெரிக்காவில் ஐம்பத்தெட்டு இரும்புப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் புறப்பட்டபொழுது, உலகத்துத் துறைகளையெல்லாம் மாற்றிக் கட்டவேண்டி வரும் என்று எத்துணைப்பேர் நினைத்திருப்பர்? முன்பு துறைமேடையை ஒட்டிப் பண்டசாலைகள் வரிசையாய் நிற்கும். மூட்டைகளைத் தோளிலும் தலையிலும் சுமப்போர் ஆயிரக்கணக்கினராய் இருந்தனர். பெட்டகத்திற்குப் பண்டசாலை வேண்டா; பரந்த வெளி வேண்டும், உயர்ந்த பாரந்தூக்கி வேண்டும், வண்டிகள் வந்துபோக அகன்ற வழி வேண்டும். சென்னையில் பெட்டக முனையம் 1983-இல் ஏற்பட்டது. ஆனால் நகரம் துறையை மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டிருக்க, அகன்ற வழிக்கு எங்கே போவது? எண்ணூரில் 2001-இல் தொடங்கிய காமராசர் துறைமுகத்திற்கு நிலக்கரியும் இரும்புக் கனியும் 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் பெயர்ந்தன. கரித்தூசு நகர மக்களின் மூச்சில் கலந்ததே காரணம். துறையை வகுப்போன் கடலை நோக்கி நிற்கிறான். ஆனால் அவனுக்கு வரும் தொல்லைகளிற் பாதி முதுகுப்புறத்தே தோன்றுகின்றன.

துறையை நடத்தும் முறையும் காணத்தக்கது. கப்பல் வாயிலருகே வந்ததும், பைலட் எனப்படும் துறைமீகாமன் சிறு படகிற் சென்று கயிற்றேணி வழியாக அதன்மேல் ஏறுகின்றான். உலகெல்லாம் சுற்றிய கப்பல் தலைவனுக்கும் இந்த அரைக்கல் தொலைவு அயலிடம். அதன் நீரோட்டத்தையும் காற்றையும் அன்றாடம் அறிந்தவன் துறைமீகாமனே. இழுவைப் படகுகள் பக்கத்தில் முட்டியும் இழுத்தும் பெருங்கப்பலை மேடையருகே சேர்க்கும். மேடையிலுள்ள இரும்புக் குற்றிகளில் வடங்களை மாட்டுவர். மேடைக்கும் கப்பலுக்கும் நடுவே இரப்பர்த் தாங்கிகள் மோதலை ஏற்கும். வடங்கள் இறுகியும் நெகிழ்ந்தும் விடாதபடி கடலேற்றத்தைப் பார்த்து அடிக்கடி சரிசெய்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் சென்னைத் துறையினுள்ளேயே கப்பல்கள் சில வடமறுத்து அலைந்தன. இவையன்றித் தூர்வாரும் கப்பல்களின் வேலை ஒருநாளும் ஓய்வதில்லை.

சிறு படகுகளின் துறை வேறொரு கலை. மேனாடுகளில் இன்பப் படகுகள் நிற்கும் துறையை மரீனா என்பர். அங்கே உள்ளீடற்ற மிதவைகளின்மேல் நடைமேடை அமைத்து, நீருள் நட்ட தூண்களைப் பற்றி அது ஏறியிறங்குமாறு செய்திருப்பர். கடல் ஏறினாலும் வற்றினாலும் படகும் மேடையும் ஒருங்கே அசையும். நடைமேடையிலிருந்து விரல்கள்போல் சிறு கிளைகள் பிரியும். இரு விரலிடையே படகு நிற்கும். குடிநீரும் மின்சாரமும் ஒவ்வொரு படகின் அருகும் வரும். தீக்கு அஞ்சி எண்ணெய் ஊற்றுமிடத்தை மட்டும் ஒதுக்கி வைப்பர். படகுகளின் கழிவு நீரில் கலவாமலும், மூலைகளில் நீர் தேங்கி நாறாமலும் பார்த்தல் வேண்டும். கொச்சியில் போல்காட்டித் தீவில் இத்தகைய துறையொன்று உண்டு. நம் சென்னை மரீனாவிலோ ஒரு படகுமேடையும் இல்லை! 1884-இல் ஆளுநர் கிராண்ட் டப் கடற்கரை உலாவிடத்தை அமைத்தபொழுது, தாம் சிசிலித் தீவிற் கண்ட காட்சிகளை நினைந்து அப்பெயர் இட்டார். இத்தாலியில் அச்சொல் கடலோரத்தையும் குறிக்கும்.

அந்தக் கடற்கரையே துறைமுகம் ஈன்ற பிள்ளை என்பது பலர் அறியாதது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே கொண்டுசெல்லும். வாடைக் காலத்தில் தெற்கே மீட்டுக் கொணரும். கொண்டுசெல்வது மிகுதி, மீட்பது குறைவு; ஆதலால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் நம் கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. கடலுள் சுவர் நீட்டியதும் அந்நடை தடைப்பட்டது. தென்பால் மணல் குவிந்தது. கோட்டையின் மதிலருகே அலை வந்த இடத்தில் இன்று அகன்ற மணல்வெளியைக் காண்கின்றோம். வடபாலிலோ கடல் வழக்கம்போல் மணலை எடுத்துச் சென்றது. ஆனால் அவ்விடத்தை நிரப்ப மணல் வரவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூருக்கும் அப்பாலும் கரை தேய்ந்தது. தெருக்களும் வீடுகளும் கடலிற் போயின. கருங்கற்களைக் கொட்டி அங்கே தடுத்தால், அரிப்பு இன்னும் வடக்கே ஒரு குப்பத்திற்குச் செல்கின்றது. மரீனாவில் மாலையில் உலாவும் நாம் காலடியிலே மிதிப்பது பிறர் முற்றத்து மண் என்று கூறினால் அது மிகையன்று.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1933-இல் திறந்த விசாகப்பட்டினத் துறையைக் கட்டியோர் இதனை முன்னரே எண்ணினர். வாயிலின் தென்பால் பழைய கப்பல்கள் இரண்டை வேண்டுமென்றே மூழ்குவித்து அலைதாங்கியாக்கி, அதன் மறைவில் மணல் வந்து தங்கக் குழி அமைத்து, தங்கிய மணலைத் தூர்வாரி வடகரைக்கு அனுப்பினர். அஃதாவது, சுவர் மறித்த மணலைப் பொறியாவது கடத்திவிடல் வேண்டும். இதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. கட்டும் ஆண்டில் செலவிட மனமுடையோர் பின்வரும் ஆண்டுகளில் கைசுருக்குவர். புதுச்சேரியில் 1980-களில் துறைச்சுவர் எழுந்தபின் மணற்கடத்தல் செவ்வனே நடவாமையால் நகரின் முன்னிருந்த மணற்கரை முழுதும் போய்க் கல்லணை மட்டும் நின்றது. 2018-ஆம் ஆண்டில் நீருள் மூழ்கிய ஓர் அலைதடுப்பை அமைத்தபின் அங்கே மணல் ஓரளவு திரும்பியது.

எம்முடன் பயிலும் நண்பர் ஒருவர் ஒரு கடற்கரைக் குப்பத்தினர். எவ்வூரென்று ஈண்டுச் சொல்லோம். அவ்வூர்க்கருகே மீன்பிடி படகுகட்கென ஒரு சிறு துறை கட்டினார்கள். சென்ற விடுமுறையில் அவருடன் சென்றிருந்தபொழுது, அவர் பாட்டியார் எங்களைக் கல்லணைமேல் அழைத்துச் சென்று, அலை புரளும் இடத்தைக் காட்டி, "அதோ அந்த நுரை இருக்குது பாருங்க ராசா, அங்கேதான் எங்க அடுப்பங்கரை" என்றார். துறையே வேண்டாம் என்கிறீர்களா அம்மா என்று யாம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். நண்பரின் தந்தையார் படகு அத்துறையினுள்தான் நிற்கிறது. புயல் வந்தால் முன்போல் பத்துப்பேர் கூடி அதனைக் கரையேற்ற வேண்டுவதில்லை. வீட்டை மட்டும் இரண்டு தெரு உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.